பால் நிறங்கொண்ட எண்ணெய்: பழைய டிராக்டரின் ஏற்றப் பொறியில் நீர் புகுதலும் அதனை நீக்கும் முறையும்

நெல் வயல்களில் சேற்றுழவு நடைபெறும் நாட்களில் விரிவாக்கப் பணியாளரை நாடி வரும் உழவர்களின் முறையீடுகளுள் ஒன்று, “கலப்பை தூக்க மாட்டேனென்கிறது” என்பதாகும். என்ஜின் நன்றாக ஓடுகிறது, சக்கரங்கள் இழுக்கின்றன, ஆனால் பின்புறத்துக் கைகள் மட்டும் நடுங்கி நடுங்கி எழுகின்றன, அல்லது பாதி உயரத்தில் நின்றுவிடுகின்றன. பம்ப் பழுதாகிவிட்டது என்று பலரும் முடிவுகட்டி விடுவர். பம்பைக் கழற்றிப் புதியது பூட்டுவதற்குப் பெருந்தொகை செலவாகும். அடுத்த பருவத்திலேயே புதிய பம்பும் அதே நிலைக்கு வந்தால் உழவர் டிராக்டரையே வெறுத்து விற்றுவிட எண்ணுகிறார். இத்தனைக்கும் காரணம், பலவேளைகளில், டிராக்டரின் பின்னுடலிலுள்ள எண்ணெயில் கலந்துவிட்ட நீரேயாகும். எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் மோர் போல வெளுத்திருக்கும்.

இவ்வமைப்பைப் பெரிதும் பரப்பியவர் அயர்லாந்து நாட்டவரான ஹாரி பெர்குஸன். கருவியை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் பிணைத்து, உழவின் ஆழத்தை எண்ணெய் அழுத்தத்தால் தானே சீர்செய்துகொள்ளும் ஏற்பாட்டிற்கு அவர் 1926-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். அவ்வேற்பாட்டைக் கொண்ட பெர்குஸன்-பிரௌன் டிராக்டர் 1936-இல் விற்பனைக்கு வந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் செய்யப்பட்ட சாம்பல் நிற டி.ஈ.20 டிராக்டர்கள் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டவை. அதன் வழிவந்த மாஸி பெர்குஸன் 35 இனத்தைத் தழுவிய டிராக்டர்களை, 1960-இல் நிறுவப்பட்ட டிராக்டர்ஸ் அண்ட் பார்ம் எக்விப்மென்ட் நிறுவனம் சென்னையில் செய்யத் தொடங்கியது. நாடெங்கும் இவ்வினத்து முதிய டிராக்டர்கள் பல இன்னும் உழைத்துக்கொண்டிருப்பதால், இக்கட்டுரையில் கூறுவன முக்கியமாக அவற்றை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. வேறு இனங்களில் ஏற்றப் பொறிக்கெனத் தனி எண்ணெய்த் தொட்டி இருக்கலாம். ஆயினும் நீரின் இயல்பு எங்கும் ஒன்றே.

பெர்குஸன் முறையின் சிறப்பும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. கியர்ப் பெட்டி, பின் அச்சு, ஏற்றப் பொறி ஆகிய மூன்றிற்கும் ஒரே எண்ணெய்தான். ஏறக்குறைய முப்பது லிட்டர். பம்ப் அவ்வெண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. குழாய்கள் மிகக் குறைவாதலால் ஒழுகலுக்கும் உடைசலுக்கும் இடமில்லை. ஆனால் கியர்ப் பற்கள் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள், நெம்புகோலின் வழியே இறங்கும் மழைநீர், அச்சின் ஓரத்தில் நுழையும் சேறு ஆகிய யாவும் நேரே பம்பின் வாய்க்கு வந்து சேர்கின்றன.

இங்கே ஒரு சிறு செய்தி. இப்பொறிகளை ஆங்கிலத்தில் ‘ஹைட்ராலிக்’ என்பர். கிரேக்க மொழியில் நீரையும் குழாயையும் குறிக்கும் இரு சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. 1795-இல் ஜோசப் பிராமா என்பவர் செய்த அழுத்தப் பொறி நீரைக் கொண்டே இயங்கியது. அதனாலேயே தமிழில் மொழிபெயர்ப்போராகிய நாமும் ‘நீரியல்’ என்றும் ‘நீரழுத்தம்’ என்றும் எழுதிவருகிறோம். பெயரில் நீரைத் தாங்கிய பொறிக்கு நீரே முதற்பகையாக இருப்பதை வகுப்பில் விளக்க நேரும் ஆசிரியர்கள், இச்சொல்லின் வரலாற்றையும் சேர்த்துக் கூறுவது நலம்; இல்லாவிடில் மாணவர் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கருதிவிடக்கூடும்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்ற பாஸ்கல் விதியே இப்பொறியின் அடிப்படை. பம்பு தரும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 2,000 பவுண்டு என்றும், ஏற்ற உருளையின் குறுக்களவு 3 அங்குலம் என்றும் கொள்வோம். உருளையின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர அங்குலம். ஆகவே அதன் மீது எழும் விசை 14,000 பவுண்டு, அதாவது 6 டன்னுக்கு மேல். நெம்புகோல் விகிதத்தால் கைகளின் நுனியில் இது பன்மடங்கு குறைந்துவிடும் என்றாலும், உள்ளே எண்ணெய் தாங்கும் சுமை எத்தகையது என்பது விளங்கும். இவ்வளவு அழுத்தத்தை ஒழுகவிடாது காக்க வேண்டுமாயின், வால்வின் தண்டிற்கும் அது நகரும் துளைக்கும் இடையேயுள்ள வெளி மிக நுண்ணியதாக இருத்தல் வேண்டும். அது சில மைக்ரான்களே. மனிதத் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்பதை இதனோடு ஒப்பிடுக. கண்ணுக்குத் தெரியாத துகளும் இங்கே பெருந்தடையாகும்.

நீர் எவ்வாறு புகுகிறது? மழையில் திறந்தவெளியில் நிற்கும் டிராக்டரில் முதற்குற்றவாளி கியர் நெம்புகோலின் அடியிலுள்ள ரப்பர் உறையாகும். வெயிலில் காய்ந்து வெடித்த உறை ஒரு புனலைப் போல் நீரை உள்ளே இறக்குகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். வெடிப்பின் வாய் 5 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டதாகவும், ஓரிரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்ததாகவும் கொண்டால், உள்ளே இறங்கும் நீர் சுமார் 100 மில்லிலிட்டர். பத்து இரவுகளில் ஒரு லிட்டர். அதாவது முப்பது லிட்டர் எண்ணெயில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் மேல். நெம்புகோலைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் நீரும் சேர்ந்தால் அளவு இன்னும் கூடும். அடுத்தது, சேற்றுழவின்போது அச்சு மூழ்குமளவு நீரில் ஓட்டுவது. தேய்ந்த ஆயில் சீல்கள் அப்போது சேற்றுநீரை உள்ளே விடுகின்றன. வேலை முடிந்து சூடாக இருக்கும் டிராக்டரைக் கால்வாயில் இறக்கிக் கழுவுவது இன்னும் தீது. சூடான உடல் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் நீரை உள்ளே உறிஞ்சுகிறது. உயரழுத்த நீர்ப்பீச்சு கொண்டு கழுவும் இடங்களில் காற்றுத் துளையையும் சீல்களையும் நோக்கிப் பீச்சுவதும் இதே விளைவைத் தரும். இரவுதோறும் உட்சுவரில் பனித்துளியாகப் படியும் ஈரம் சிறிதே. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதுவும் சேரும்.

நீர் செய்யும் கேடு மூவகைப்படும். கியர்ப் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே எண்ணெய் அமைக்கும் மெல்லிய படலத்தை அது உடைக்கிறது. பம்பின் உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் குறையும்போது, சூடேறிய எண்ணெயிலுள்ள நீர் ஆவிக்குமிழ்களாக மாறி, பம்ப் எண்ணெய்க்குப் பதில் குமிழ்களை விழுங்குகிறது. கைகள் நடுங்குவதற்கும் பம்ப் இரைவதற்கும் இது ஒரு காரணம். மூன்றாவது துருப் பிடித்தல். இதுவே மிகக் கொடியது. டிராக்டர் உழைக்கும்போது அன்று, ஓய்ந்து நிற்கும்போதுதான் இது நிகழ்கிறது. பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கலங்கிய எண்ணெயோடு கொட்டகையில் நிற்கும் டிராக்டரில், வால்வின் தண்டு இருந்த இடத்திலேயே துருவேறிப் பற்றிக்கொள்கிறது. ஆகவே எண்ணெய் மாற்றுவதைப் பலரும் செய்வது போல் அடுத்த பருவத்தின் தொடக்கத்திற்குத் தள்ளிவைக்காமல், பருவம் முடிந்தவுடனேயே செய்துவிட வேண்டும் என்பது எமது கருத்து.

எண்ணெய் வெளுத்திருப்பதெல்லாம் நீரால்தான் என்று கொள்வதும் தவறு. காற்று கலந்து நுரைத்த எண்ணெயும் வெளுத்தே தோன்றும். இரண்டையும் பிரித்தறியத் தெளிந்த கண்ணாடிப் புட்டி ஒன்று போதும். எண்ணெயைப் புட்டியில் எடுத்து அசையாமல் வைத்தால், காற்றுக் குமிழ்கள் மேலேறி ஒருமணி நேரத்திற்குள் பெரும்பாலும் எண்ணெய் தெளிந்துவிடும். நீர் கலந்ததாயின் மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். அடியில் நீர் தனியே தங்குவதும் உண்டு. காற்று கலந்ததாயின் எண்ணெயின் அளவு குறைந்திருக்கிறதா, உறிஞ்சு பக்கத்தில் காற்று நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றொரு சோதனை, காய்ந்த இரும்புத் தகட்டின் மீது ஒரே ஒரு துளி எண்ணெயை விடுவது. நீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். இதனை ஆசிரியரே கண்ணாடி அணிந்து செய்தல் வேண்டும். மாணவரைத் தொலைவில் நிறுத்துக.

வகுப்பறைக்கேற்ற சோதனை வேறொன்றும் உண்டு. இரு புட்டிகளில் ஒன்றில் தையல் இயந்திர எண்ணெயும், மற்றொன்றில் என்ஜின் எண்ணெயும் எடுத்து, இரண்டிலும் சிறிது நீர் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். முன்னதில் நீர் விரைவில் பிரிந்து அடியில் தங்கும். பின்னதில் பால்நிறம் நெடுநேரம் நீடிக்கும். என்ஜின் எண்ணெயில் அழுக்கைப் பிடித்துவைப்பதற்காகச் சேர்த்துள்ள பொருள்கள் நீர்த்துளிகளையும் பிரியவிடாமல் பிடித்துவைத்துக்கொள்வதே காரணம். வெண்மை நிறம் தோன்றுவது, பாலில் போலவே, எண்ணற்ற நுண்துளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறச் செய்வதாலாகும். கைக்குக் கிடைத்த என்ஜின் எண்ணெயைப் பின்னுடலில் ஊற்றிவிடும் வழக்கம் ஏன் தகாது என்பதற்கு இப்புட்டிகளே விடை.

இனி மாற்றும் முறைக்கு வருவோம். பம்பைக் குறைகூறுமுன் ஒன்றைக் கவனிக்க: இவ்வினத்துப் பழைய டிராக்டர்களில் ஏற்றப் பம்ப், பி.டி.ஓ. எனப் பணிமனைகளில் வழங்கும் சுழல்தண்டினாலேயே இயங்குகிறது. அதன் நெம்புகோல் விடுபட்டிருந்தால் கைகள் எழா. இந்த எளிய காரணத்தை அறியாது டிராக்டரைத் தொலைதூரப் பணிமனைக்கு இழுத்துச் சென்றோரும் உண்டு.

டிராக்டரை முதல்நாள் மாலையிலேயே சமதரையில் நிறுத்திவிட வேண்டும். இரவெல்லாம் அசையாதிருந்தால் தனித்து நிற்கும் நீர் அடியில் இறங்கியிருக்கும். காலையில் என்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே அடித் திருகை மெல்லத் தளர்த்தினால் முதலில் வருவது நீரே. நிறமற்ற நீரோ துருநீரோ வருவது நின்று எண்ணெய் வரத் தொடங்கியதும் திருகை மீண்டும் இறுக்குக. இதனால் நீரின் பெரும்பகுதி மறுபடியும் கலக்கப்படாமல் வெளியேறிவிடும். பிறகு என்ஜினைக் கிளப்பி, பளுவின்றி அரைமணி நேரம் ஓட்டி, கைகளைச் சிலமுறை ஏற்றி இறக்க வேண்டும். எண்ணெய் சூடேறினால்தான் இளகி, மிதக்கும் அழுக்கையும் உடன்கொண்டு வெளியேறும். கருவி பூட்டியிருந்தால் அதனைத் தரையில் இறக்கியபின் கழற்றி விலக்குக. கைகளையும் முற்றும் தாழ்த்துக. உருளையிலுள்ள எண்ணெய் அப்போதுதான் தொட்டிக்குத் திரும்பும். உயர்த்திய கருவியின் அடியில் எவரும் ஒருபோதும் நுழையலாகாது. எண்ணெய் அழுத்தத்தால் மட்டும் தொங்கும் சுமை எக்கணத்திலும் விழக்கூடும். என்ஜினை நிறுத்தி, பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின் அடித்திருகுகளைத் திறக்க வேண்டும். கியர்ப் பெட்டிக்கும் பின் அச்சிற்கும் தனித்தனியே திருகுகள் இருப்பதால், டிராக்டருக்குரிய கையேட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் திறக்க. ஒன்றை மட்டும் திறந்து, ‘வடிந்துவிட்டது’ என்று விடுவதே பலரும் செய்யும் பிழை.

இரண்டு மூன்று மணி நேரம் வடியவிடுக. அச்சின் நீண்ட கூடுகளில் தங்கும் எண்ணெயும் வெளிவரும் பொருட்டு, ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சற்று உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்தி வடியவிட்டு, பிறகு மறுபக்கத்தையும் அவ்வாறே செய்வது நல்ல முறை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கைவைக்க வேண்டாம். பக்கவாட்டு மூடியைத் திறந்து சல்லடையை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் தூரிகை கொண்டு கழுவுக. கழிவுப் பஞ்சும் பிசிறுள்ள துணியும் ஆகா. ஒரு நூலிழை வால்வை நிறுத்திவிடும். சல்லடையில் தங்கியதை உடனே கொட்டிவிடாமல் வெள்ளைத் தாளில் பரப்பிக் காந்தத்தை அருகே கொண்டுசெல்க. நுண்ணிய இரும்புத்தூள் கியர் தேய்மானத்தின் இயல்பான விளைவு. செதிலாக வரும் இரும்பு, பேரிங்கோ பல்லோ உடைந்து வருவதைக் குறிக்கும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் நிறத்தூள் வெண்கலப் பாகங்களின் தேய்வு. அது மிகுதியாயின் எண்ணெயை மாற்றுவதால் மட்டும் பயனில்லை.

உட்புறத்தைக் கழுவ டீசலை நிரப்பிச் சிறிது நேரம் ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எம்மால் அதனைப் பரிந்துரைக்க இயலாது. டீசல் மெல்லியது, பம்பும் கியர்களும் தாங்கும் சுமைக்கு அதன் படலம் போதாது. வடிந்தபின் மூலைகளில் தங்கும் டீசல் புதிய எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். கழுவுதற்குரியது அதே தரமுள்ள புதிய எண்ணெயே.

செலவைக் கூட்டும் இவ்வறிவுரையை உழவர் எளிதில் ஏற்கமாட்டார். ஆதலால் அவருக்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும். முப்பது லிட்டர் எண்ணெயில் நூற்றுக்கு மூன்று பங்கு நீர் கலந்திருப்பதாகக் கொள்வோம். எவ்வளவு வடித்தாலும் மூலைகளில் மூன்று லிட்டர் தங்கிவிட்டால், அதனுள் 90 மில்லிலிட்டர் நீர் இருக்கும். அதன்மேல் புதிய எண்ணெய் 27 லிட்டர் ஊற்றினால் நீரின் பங்கு நூற்றுக்கு 0.3. தாது எண்ணெய் தன்னுள் கரைத்து மறைக்கக்கூடிய நீர் இதனினும் மிகக் குறைவு. ஆகவே புதிய எண்ணெயும் சில நாட்களில் மங்கலாகும். உழவர் இதைக் கண்டு, ‘மறுபடியும் எங்கோ நீர் புகுகிறது’ என்று அஞ்சுகிறார். அல்லது கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகச் சினக்கிறார். இரண்டும் இல்லை, பழைய நீரின் மிச்சமே அது. இரண்டாம் முறையும் வடித்து நிரப்பினால் நீர் 0.03 பங்காகிவிடும். அச்சுக் கூடுகளை நன்கு வடித்து, தங்குவதை ஒன்றரை லிட்டராகக் குறைத்துவிட்டால், முதல் முறையிலேயே நீரின் பங்கு பாதியாகும். அரைநாள் பொறுமை இங்கே விலையுயர்ந்த எண்ணெய்க்கு ஈடாகிறது. முதல் நிரப்பில் அளவுக் கம்பியின் கீழ்க்குறி வரையில் மட்டும் ஊற்றி, பளுவின்றி அரைமணி நேரம் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டால் செலவு இன்னும் குறையும். கலங்கிய எண்ணெயைத் தெளியவைத்து மீண்டும் ஊற்றலாமா என்று கேட்போர் உண்டு. நீர் இறங்கினாலும் துருத்தூளும் நுண்மண்ணும் இறங்கா, ஆகவே கூடாது.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் கையேடே வழிகாட்டி. கையேடு தொலைந்திருந்தால் அவ்வினத்து டிராக்டருக்குரிய கையேட்டின் படியை வணிகரிடம் கேட்டுப் பெறுக. ஒரே எண்ணெய் கியருக்கும் ஏற்றப் பொறிக்கும் பயன்படுவதால், இரண்டிற்கும் ஏற்றதாகச் செய்யப்பட்ட டிராக்டர் எண்ணெய்கள் இப்பொழுது கிடைக்கின்றன. கடும் அழுத்தம் தாங்கும் கியர் எண்ணெய்களுள் சிலவற்றில் சேர்த்துள்ள கந்தகப் பொருள்கள் வெண்கலத்தை அரிக்கக்கூடும். பழைய பம்புகளில் வெண்கலப் பாகங்கள் இருப்பதால் கையேடு கூறாத எண்ணெயைத் தவிர்க்க.

புதிய எண்ணெயிலும் நீர் இருக்கக்கூடும் என்பது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அலுவலகக் கிடங்குகளிலும் பண்ணைகளிலும் எண்ணெய்ப் பீப்பாய்களை மழையில் நிமிர்த்தி வைக்கின்றனர். பீப்பாயின் தலையில் தேங்கும் நீர், பகலில் விரிந்து இரவில் சுருங்கும் காற்றின் இழுப்பால், மூடியின் மரைவழியே சொட்டுச் சொட்டாக உள்ளே செல்கிறது. பீப்பாயைக் கொட்டகைக்குள் வைக்க இயலாவிடில், படுக்கவைத்து, இரு மூடிகளும் கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் அமையுமாறு உருட்டிவைக்க வேண்டும். அப்போது மூடிகள் எண்ணெயின் மட்டத்திற்குக் கீழே இருப்பதால் ஈரக்காற்று நுழையாது. இது களப்பணியாளர் தம் கிடங்கிலேயே இன்று செய்யக்கூடிய செயல்.

நுண்வலை பொருத்திய தூய புனலின் வழியே எண்ணெயை ஊற்றுக. அடித்திருகுகளுக்குப் புதிய வாஷரும் பக்கவாட்டு மூடிக்குப் புதிய கேஸ்கட்டும் இடுக. ஊற்றியபின் என்ஜினைத் தாழ்ந்த வேகத்தில் ஓட்டி, கைகளைப் பத்து முறை ஏற்றி இறக்கி, நிறுத்தி, அளவை மீண்டும் பார்த்துக் குறையை நிரப்புக. வெளிக்குழாய்கள் பூட்டியிருப்பின், ஒழுகும் இடத்தைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டிய ஆபத்து அது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பதே முறை.

நீர் புகுந்த வழியை அடைக்காமல் எண்ணெயை மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். ரப்பர் உறை கிடைக்காத இடத்தில் பழைய லாரிச் சக்கரத்தின் உட்குழாயிலிருந்து வட்டமாக வெட்டி, நெம்புகோலில் இறுகச் செருகிக் கம்பியால் கட்டுவது தற்காலிகமாகப் பயன்படும். காற்றுத் துளையின் மூடி, அளவுக் கம்பியின் உறை ஆகியவற்றையும் பார்க்க. சேற்றுழவுக்குச் செல்லும் டிராக்டரில் அச்சின் ஆயில் சீல்களைப் பருவத்திற்கு முன்பே சோதிக்க.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது பெருந்தீங்கு. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே சேர வேண்டும். ஓர் ஊரின் டிராக்டர்களிலிருந்து வடிப்பதை ஒரே பீப்பாயில் மூடிச் சேர்த்துவைத்தால் எடுத்துச்செல்ல ஆள் கிடைப்பது எளிதாகும். வேலிக் கம்பங்களுக்குக் கரையானைத் தடுக்கப் பூசுகின்ற வழக்கத்தையும் கைவிடச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழையில் அது மண்ணுக்கே இறங்குகிறது.

மத்தியப் பிரதேசத்தில் நருமதைக் கரையிலுள்ள புத்னியில் 1955-இல் டிராக்டர் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது மத்தியப் பண்ணைப் பொறிப் பயிற்சி மற்றும் சோதனை நிலையமாக இயங்குகிறது. ஹரியானாவில் ஹிசாரிலும், ஆந்திரப் பிரதேசத்தில் அனந்தபூர் பகுதியைச் சேர்ந்த கார்லதின்னெயிலும், அஸ்ஸாமில் பிஸ்வநாத் சாரியாலியிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. பழைய டிராக்டர் மிகுதியாக உள்ள பகுதியின் களப்பணியாளர் ஒருமுறை நேரில் பயின்று வந்தால், பம்பைக் கழற்றும் முன் புட்டியைக் கையிலெடுக்கும் பழக்கம் ஏற்படும்.

எண்ணெய் மாற்றிய டிராக்டர் பத்து மணி நேரம் உழைத்தபின், அதன் எண்ணெயில் ஒரு புட்டி எடுத்து, தேதியெழுதிய தாளை ஒட்டி, உழவரின் கொட்டகையிலேயே வெளிச்சம் படும் இடத்தில் வைத்து வருக. அடுத்த மழைக்குப் பின் மற்றொரு புட்டி எடுத்து அதனருகே வைத்தால், பின்னுடலுக்குள் நீர் இறங்கியதா இல்லையா என்பதை உழவர் எவரையும் கேளாமல் தாமே கண்டுகொள்வார்.